காசு கொடுத்துத் தங்கிய வீடு

போன மாதம் பேத்தியின் ஏற்பாட்டில் புதுச்சேரியில் ஒரு பழைய தமிழ் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினேன். புதுப்பித்து விடுதியாக்கிய வீடு. கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் வழியாகப் போய் இறங்கியதும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். "உள்ளே வாங்க சார், ரிசப்ஷன் அங்கே இருக்கு" என்றான் பையன். திண்ணைதானப்பா தமிழன் வீட்டு ரிசப்ஷன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

முற்றம், தேக்கு உத்தரம், செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் தளம், மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணி வளைவு ஜன்னல். எல்லாம் எங்கள் வீட்டில் இருந்தவை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பாடங்களை அப்படியொரு தூணில் சாய்ந்துதான் நெட்டுருப் போட்டேன். அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது, தளம் ஒழுகுகிறது, செலவு கட்டாது என்று விற்றோம். வாங்கியவர் இடித்து மூன்று மாடி கட்டினார். பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. எனவே ஊரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனாலும் சொல்கிறேன். பழைய வீடு விடுதியாகிறதே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். இடிவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது போதாது. வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய யூனியன் உதவியோடு வீடுகளின் முகப்பை வரிசையாகச் சீராக்கியது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. குடும்பங்கள் குடியிருக்கும் தெருவிலேயே இது முடியும் என்பதுதான் அதில் முக்கியம். கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேரி கட்டடம் சாட்சி. 2014 நவம்பர் மழையில் சரிந்தது. மறுபடி கட்டித் திறக்க 2021 ஆயிற்று. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், பென்ஷன்காரன் வீட்டுக்கு? பழைய வீட்டுக்காரருக்குப் பழுதுபார்க்கும் செலவில் பாதியை அரசு கொடுக்கட்டும்; வீட்டு வரியையும் குறைக்கட்டும். 'இடிக்காதே' என்ற உத்தரவு மட்டும் ஒழுகலை நிறுத்தாது. நாற்பது வருஷம் கோப்பு தள்ளியவன் சொல்கிறேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் புல்வீட்டில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். பழுத்த புல்லைக் காலத்தில் மாற்றாவிட்டால் வீடே இல்லை என்பார்கள்.

நாங்கள் இப்போது குடியிருப்பது மாமனார் காலத்து ஓட்டு வீடு. மைத்துனர் மகன் கான்கிரீட் போட எஸ்டிமேட்டோடு வந்தான். "எங்கப்பா கட்டினது, நான் இருக்கிறவரைக்கும் ஓடுதான்" என்றாள் என் மனைவி. இந்த முறை நான் அவள் பக்கம். ஐப்பசிக்குள் உடைந்த ஓடுகளை மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். பையனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.