காந்த ஜெனரேட்டரில் மோட்டார் ஓடுமா?

'டீசல் வேண்டாம், வெயில் வேண்டாம், காந்தத்திலிருந்தே மின்சாரம் வரும் ஜெனரேட்டர் என்கிறார்கள். 5 ஹெச்.பி மோட்டாருக்கு, நகையை அடகு வைத்து வாங்கலாமா?'

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

நகையை அடகு வைக்காதீர்கள், அம்மா.

காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் உண்டாகும் என்பது உண்மை. 1831-ம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டறிந்தார். ஆனால், சுழற்றுவதற்கு வெளியிலிருந்து சக்தி வேண்டும். சைக்கிள் டைனமோவுக்குள் இருப்பதும் நிரந்தரக் காந்தம்தான். விளக்கு எரியும்போது பெடல் கனக்கும். சைக்கிள் நின்றால் விளக்கு அணைந்துவிடும். அங்கே மின்சாரமாக மாறுவது உங்கள் கால்பலம். அதே வேலையைக் காற்றாலையில் காற்றும், மேட்டூர் அணையில் தண்ணீரும் செய்கின்றன.

5 ஹெச்.பி என்பது சுமார் 3,700 வாட். அதைக் காந்தம் மட்டும் தராது. விற்பவர் ஓட்டிக் காட்டினால், உள்ளே பேட்டரி ஒளிந்திருக்கலாம். 'எங்கள் கிணற்று மோட்டாரை இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பணம்' என்று சொல்லிப் பாருங்கள்.

பகல் பாசனத்துக்கு சோலார் பம்ப்செட் நல்லது. மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதுடன் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யுங்கள்.