கிழங்குப் பையில் விவசாயிக்கு எட்டு காசு

மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து மக்கும் பை தயாராகிறது, இனிமேல் கிழங்குக்குக் கிராக்கிதான் என்ற பேச்சு சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் சில ஆண்டுகளாகவே அடிபடுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அவற்றில் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்தது. இதனால் பேச்சுக்கு வலுக் கூடியது. கிழங்கு விலை சரியும்போதெல்லாம், பை ஆலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. அந்த ஆறுதலை நம்பி இன்னும் ஓர் ஏக்கருக்குக் குச்சி வெட்டி நடுவதற்கு முன், கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பை எப்படித் தயாராகிறது?

மாவுச்சத்தோடு சிறிது தண்ணீரும் கிளிசரினும் சேர்த்து, இயந்திரத்தில் சூடேற்றிப் பிசைந்தால், மாவு மணிகள் உடைந்து பிளாஸ்டிக்கைப் போல உருகும் பொருளாகிறது. ஆனால் இதைத் தனியாகத் தாளாக இழுத்தால் காய்ந்தபின் நொறுங்கும். ஈரம் பட்டால் இளகும். காய்கறி வாங்கும் பைக்கு அது உதவாது. எனவே மக்கக்கூடிய வேறு குருணையை அதனுடன் கலக்கிறார்கள். பையின் எடையில் மாவுச்சத்து ஒரு பகுதிதான். கலக்கும் குருணை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சாதாரண பாலித்தீனைவிட விலையும் அதிகம்.

மாவைச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டிக் செய்யும் முறையும் உண்டு. அதற்குப் பெரும் முதலீடு வேண்டும். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தாலும் தொடக்கூடிய வேலை அன்று அது.

எட்டு காசுக் கணக்கு

ஐந்து கிராம் எடையுள்ள பையில் இரண்டு கிராம் கிழங்கு மாவு இருப்பதாகக் கொள்வோம். ஒரு டன் கிழங்கிலிருந்து ஆலையில் 200 கிலோ மாவு கிடைப்பதாக வைத்தால், அது ஒரு லட்சம் பைகளுக்குப் போதும். ஏக்கருக்கு 12 டன் விளைந்தால், ஓர் ஏக்கர் கிழங்கு 12 லட்சம் பைகளுக்கு வரும். ஆண்டுக்கு 12 கோடி பை போடும் ஆலைக்கு நூறு ஏக்கர் கிழங்கு போதும். மரவள்ளி பல்லாயிரம் ஏக்கரில் விளையும் இந்த மாவட்டங்களில், நூறு ஏக்கர் எந்த மூலைக்கு? ஒரு பை ஆலை வருவதால் மட்டும் சந்தை விலை ஏறிவிடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிழங்கு டன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பைக்குள் இருக்கும் கிழங்கின் விலை எட்டு காசு. கடையில் அந்தப் பை மூன்று ரூபாய்க்கு விற்றாலும், விளைவித்தவருக்குச் சேர்வது எட்டு காசுதான். கிழங்கு விலையை டன்னுக்கு 16,000 ரூபாயாக உயர்த்தினாலும் பையின் அடக்கவிலையில் கூடுவது இன்னோர் எட்டு காசு. ஆக, பை செய்பவர் வாங்கும் கிழங்கின் அளவு குறைவு; ஆனால் நல்ல விலை தரும் சக்தி அவருக்கு இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்கு இந்த வசதி இல்லை. அங்கே கிழங்கு விலை ஏறினால் ஜவ்வரிசி விலையும் ஏறியாக வேண்டும்.

தரக்கூடியவர் தானாகத் தருவாரா? தரமாட்டார். கேட்டு வாங்கும் நிலையில் விவசாயி இருக்கவேண்டும். இன்று அவர் அந்த நிலையில் இல்லை.

பலம் எங்கே இருக்கிறது?

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாள்களில் கருக்கத் தொடங்கிவிடும். லாரியில் ஏற்றியபின் ஆலை வாசலில் நின்றுகொண்டு பேரம் பேச முடியாது. மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை போடும்போதும், அளவு ஆலையில்தான் நடக்கிறது. ஆனால் அதே கிழங்கை மாவாக்கி உலர்த்தி மூட்டை கட்டிவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். எனவே பலம் கிழங்கு வைத்திருப்பவரிடம் இல்லை. மாவு வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

சேலத்தின் பழைய வரலாறும் இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றதால்தான், இங்கே கிழங்கிலிருந்து அவற்றைச் செய்யும் தொழில் வேரூன்றியது. 1981இல் ஆலைக்காரர்கள் சேகோசர்வ் என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். தனித்தனியே வியாபாரிகளிடம் விற்றுக்கொண்டிருந்த சரக்கை ஓரிடத்தில் சேர்த்து விற்க அவர்களுக்கு வழி பிறந்தது. அது ஆலைக்காரர்களின் சங்கம். கிழங்கு விளைவிப்போர் அன்றும் தனித்தனியே விற்றார்கள். இன்றும் பெரும்பாலோர் அப்படியே விற்கிறார்கள். மக்கும் பை என்ற புதுத் தொழில் வளரும்போதும் அதே வரிசையில் கடைசியில் நிற்பதா என்பதே கேள்வி.

செய்யக்கூடியது என்ன?

சொந்தமாக மாவு ஆலை கட்டு என்று சொல்வது எளிது. ஆனால் மாவு ஆலைக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் செலவாகும். முதல் படியாக, நெல்லைக் கூலிக்கு அரைத்து வாங்குவதுபோலக் கிழங்கையும் கூலிக்கு அரைத்து வாங்கலாம். ஐம்பது நூறு பேர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, ஓர் ஆலையோடு பேசி, அரைவைக் கூலி கொடுத்து மாவைத் தங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். திப்பி யாருக்கு என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அது தீவனத்துக்கு விலைபோகும் பொருள்; அதிலும் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது.

பை செய்பவருக்குத் தேவை ஆண்டு முழுவதும் ஒரே தரமான மாவு. ஈரப்பதமும் மண்ணும் குறைவாக இருக்கவேண்டும். மக்காச்சோள மாவும் இதே வேலைக்குப் போட்டியாக நிற்கிறது என்பதை மறக்கக்கூடாது. இத்தாலியில் மக்காத பைகளுக்கு 2011இல் தடை வந்தபின் மக்கும் பை பெருகியது. அங்கே முன்னின்றது மக்காச்சோள மாவுதான். ஆகவே தரத்தில் பிசகினால் வாங்குபவர் சோளத்துக்குப் போய்விடுவார்.

தரத்துக்கு வேலை வயலில்தான் தொடங்குகிறது. மாவுச்சத்து மிக்க ரகத்தைத் தேர்ந்து, சாம்பல் சத்தில் குறைவைக்காமல், முற்றும் பருவத்தில் பிடுங்கவேண்டும். மழை பெய்து செடி புதிதாகத் துளிர்த்த கையோடு பிடுங்கினால் பாயிண்ட் குறையும். ரகம் பற்றியும் உரம் பற்றியும் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் இதற்கெனவே இருக்கிறது.

வாங்குபவரோடு வாய்ப்பேச்சு போதாது. எத்தனை டன் மாவு, எந்த மாதம், என்ன தரம், சந்தை விழுந்தாலும் குறையாத அடிவிலை என்ன, பணம் எத்தனை நாளில் என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. எழுதிக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

போலிப் பையும் விவசாயியின் எதிரியே

பாலித்தீனில் சிறிது மாவைக் கலந்து, மக்கும் பை என்று பெயர் சூட்டுவது பழைய தந்திரம். மண்ணில் போட்டால் மாவு மட்டும் கரைந்து, பாலித்தீன் துணுக்குகள் அப்படியே கிடக்கும். உண்மையான மக்கும் பை, 58 டிகிரி வெப்பமுள்ள உரக்குவியல் சோதனையில் 180 நாள்களுக்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்து கரியமில வாயுவாக வேண்டும் என்பது அளவுகோல். இந்தியாவில் இது ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற எண்ணில் வழங்குகிறது. இத்தகைய பை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும். வெறும் வயலில் வீசினால் அதே வேகத்தில் மக்கும் என்று எண்ணக்கூடாது. குப்பைக்குழியில் சேர்ந்தால்தான் அது உரமாகும்.

போலிப் பை மலிவாகக் கிடைக்கும்வரை நல்ல பைக்குச் சந்தை இல்லை; நல்ல பைக்குச் சந்தை இல்லாதவரை கிழங்கு மாவைத் தேடிவர யாருமில்லை. எனவே தடைச் சட்டம் கடைத்தெருவில் ஒழுங்காக நடப்பதில் நகரத்தாரைவிட மரவள்ளி விவசாயிக்கு அக்கறை அதிகம் இருக்கவேண்டும். அரசும் தான் வாங்கும் நாற்றுப் பைகளை வட்டார மாவில் செய்தவையாக, சான்று பெற்றவையாக வாங்க முன்வந்தால், முதல் வாடிக்கைக்காரர் வெளியே எங்கும் தேடாமல் கிடைப்பார்.

மக்கும் பை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவோரும், அது கற்பகத்தரு என்று நம்புவோரும் கணக்கைப் பாதிதான் பார்க்கிறார்கள். அந்தப் பையை நம்பிப் பரப்பைக் கூட்டுவது தவறு. இருக்கிற பரப்பில் விளையும் கிழங்கின் ஒரு பங்கையாவது மாவாக்கித் தம் கையில் வைத்துக்கொள்ள விவசாயிகள் ஒன்றுகூட வேண்டும். வரும் பட்டத்துக்குக் குச்சி நடும் முன்பே அந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். கிழங்கு பிடுங்கியபின் பேச நேரமிருக்காது.