டை ராடு தடித்தால் மட்டும் போதுமா?



நேற்று நம் குழுவில் ஒரு பழைய மாணவன் படம் போட்டிருந்தான். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, பச்சைமலை ஏறத் தயாராக நிற்கிறான். "சார், டை ராடை மாத்திட்டேன். உலக்கை மாதிரி இருக்கு. இனி கவலையே இல்ல" என்று எழுதியிருந்தான். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

1987 மழைக்காலம். டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்து ஒரு வாடகை ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். உள்ளே பதினோரு பேர். வளைவுக்குச் சற்று முன்னால் ஸ்டியரிங் சும்மா சுற்றியது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி மலைப்பக்கச் சரிவில் முட்டி நின்றது. மறுபக்கம் பள்ளம். கீழே குனிந்து பார்த்தோம். ராடு வளையவில்லை, முறியவும் இல்லை. அதன் முனையிலுள்ள பந்து மூட்டின் நட்டு கழன்று விழுந்திருந்தது. கோட்டர் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் யாரோ ஒரு கட்டுக்கம்பியைச் செருகியிருந்தார்கள். காலணா சாமான்!

அதனால்தான் சொல்கிறேன்: முதலில் ஆட்டத்தை நீக்கு. எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு மூட்டையும் கவனிக்கட்டும். தேய்ந்த டை ராட் எண்டையும் கிங் பின் பேரிங்கையும் மாற்றாமல், நடுக்கத்தை மறைக்க ஸ்டியரிங் டேம்பர் வாங்கி மாட்டுவது, காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவதைப் போன்றது.

இரண்டாவது, கோணம். ஒரு பென்சிலின் ஒரு முனையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். படுக்கையாக இருக்கும்போது மறுமுனையை ஓர் அங்குலம் உயர்த்தினால் அது பக்கவாட்டில் நகர்வதே தெரியாது. நன்றாகச் சாய்ந்து நிற்கும்போது அதே ஓர் அங்குலத்துக்கு வெகுவாக நகரும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் டிராக் லிங்க் இப்படித்தான் சாய்கிறது. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். எவ்வளவு தடித்த ராடு போட்டாலும் இது தீராது. லிங்க் மீண்டும் படுக்கையாக வரும்படி பிட்மேன் ஆர்மையோ மறுமுனை இணைப்பையோ சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் தடிமன். பாறையில் மோதும்போது பழைய ராடு வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். வளையாத ராடு அந்த அடியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும். ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்திய இடத்தில் சேசிஸ் விரிசல் விடலாம். பியூஸ் போகிறது என்று செப்புக்கம்பி கட்டுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? பட்டறையில் ராடை வெட்டி ஒட்டுவது அதைவிடக் கேடு. பற்றவைத்த சூட்டில் அந்த இடத்து இரும்பின் குணமே மாறிவிடும்.

2020-இல் வந்த புதிய தார் வைத்திருப்பவர்களே, உங்கள் வண்டியில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஸ்டியரிங் ரேக் வகை. பழைய ஜீப்புக்குச் சொன்ன வைத்தியத்தை அதற்குப் பார்க்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. நிறுவனம் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

"சாருக்கு வயசாயிடுச்சு" என்பீர்கள். ஆமாம், ஆகிவிட்டது. அன்று அந்த வண்டி பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தால் ஆகியிருக்காது.

இதற்கு லைக் போட வேண்டாம். நாளைக் காலை வண்டிக்கு அடியில் படுத்து, எல்லா மூட்டிலும் கோட்டர் பின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
பூலாம்பாடி