நாலு போரிங்தான் இருக்கு

உங்க வீட்டுலயோ மாமா வீட்டுலயோ ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 தூசி படிஞ்சு நிக்குதா? செமஸ்டர் லீவுல அதைக் கழட்டி ரெடி பண்ணலாம்னு ஆசை இருக்கா? தாராளமா பண்ணுங்க. ஆனா பிளாக்கை போரிங்குக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. நான் ஓடினேன், அதனாலதான் சொல்றேன்.

அப்பாவோட வண்டி, 1994 மாடல். அதுவரைக்கும் போரிங்கே போடாத பிளாக். போன வருஷம் நான் ஓட்டும்போது பைபாஸ்ல சீஸ் ஆச்சு. டூ ஸ்ட்ரோக்ல மேல் பாதியைக் கழட்டுறது ரொம்ப சுலபம். வால்வு இல்ல, கேம் இல்ல, டைமிங் செயின் இல்ல. ஹெட், பிளாக், பிஸ்டன், அவ்வளவுதான். அந்த சுலபம்தான் நம்மள ஏமாத்துது. பிஸ்டன்ல சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழ வரைக்கும் கீறல். "ஆயில் பத்தல"னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். லேத்ல கொடுத்து முதல் சைஸ் போரிங், புது பிஸ்டன், புது ரிங். அம்புக்குறியை சைலன்சர் பக்கம் வெச்சேன், ரிங் வாயை அந்தக் குட்டி பின்னுல உக்கார வெச்சேன், சர்க்ளிப்பும் புதுசு. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது.

ரெண்டே வாரம். திரும்ப சீஸ்.

நடுவுல வண்டி சொல்லிட்டேதான் இருந்தது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ரேஸ் சட்டுனு இறங்கல. நான் கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிட்டு இருந்தேன். கடைசியில ஒரு மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "மேக்னெட் சைடு ஆயில் சீல் பாத்தியா தம்பி?" பார்த்தா ரப்பர் அப்பளம் மாதிரி காஞ்சு கிடக்கு.

யோசிச்சுப் பாருங்க. டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் முதல்ல கிராங்க்கேஸுக்குள்ள போய்தான் மேல ஏறும். மேக்னெட் பக்க சீல் கெட்டா, கார்பரேட்டருக்குத் தெரியாம அந்த வழியா காத்து உள்ள வரும். கலவை லீன் ஆகும், சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் இரும்பு ஸ்லீவை விட அதிகமா விரியும், அப்படியே பிடிச்சுக்கும். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும், அதுலயாவது கண்ணுக்குத் தெரியும். கிராங்க்கேஸ் கம்ப்ரஷனுக்குப் படம் வரைஞ்சு, அம்பு போட்டு, ஃபுல் மார்க் வாங்கினவன் நான். அந்தப் படமும் இந்த வண்டியும் ஒண்ணுன்னு மண்டையில ஏறவே இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம். இந்த எஞ்சினோட போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. அதான் 98 சிசி. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 வரைக்கும் வரும். ஆக, ஒரு பிளாக்குக்கு நாலு போரிங். வண்டி தயாரிப்பு 1996-லயே நின்னுபோச்சு. ஸ்லீவ் மாத்தலாம்தான், ஆனா போர்ட் ஜன்னலெல்லாம் சரியா நேரா வர்ற மாதிரி இறக்க நல்ல கை வேணும். ஒரு பிரியாணி காசு பெறாத சீலைப் பார்க்காம, நான் ரெண்டு வாரத்துல ரெண்டு சைஸைத் தின்னுட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

அதனால என் கட்சி இதுதான்: ஏன் சீஸ் ஆச்சுன்னு ஒரே வரியில சொல்ல முடியலைன்னா, போரிங் போட உங்களுக்கு உரிமை இல்ல. மேக்னெட்டைக் கழட்டிப் பாருங்க. ஆயில் பம்ப் நெஜமாவே தள்ளுதான்னு பாருங்க. காரணம் கிடைச்ச பிறகு பிஸ்டனை முதல்ல வாங்கி, அதை லேத்காரர் கையில கொடுத்து, அதுக்கு அளவா போடச் சொல்லுங்க. போர்ட் விளிம்பை லேசா மழுக்கச் சொல்ல மறக்காதீங்க, கூரா விட்டா ரிங் மாட்டி உடையும். சவுண்டுக்காக போர்ட்டைத் தேய்க்கிற கோஷ்டியோட எனக்குத் தனிச் சண்டை இருக்கு, அது இன்னொரு இதழ்ல.

போன வாரம் ஹாஸ்டல் ஜூனியர் ஒருத்தன் பிளாக்கை காலேஜ் பேக்ல போட்டுட்டு வந்து லேத் அட்ரஸ் கேட்டான். இன்னும் கொடுக்கல. மேக்னெட் கவரைக் கழட்டிட்டு வாடான்னு அனுப்பியிருக்கேன்.