54 பெருசா, 40 பெருசா?

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சார், நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் சில சமயம் 40தான் பெருசு!

எங்கள் எதிர்வீட்டுப் பையன் பி.காம். கடைசி செமஸ்டர். டெஸ்ட், அசைன்மென்ட் என்று ஓடியாடி காஸ்ட் அக்கவுன்டிங் இன்டர்னலில் 25க்கு 25. பரீட்சையில் 75க்கு 29. மொத்தம் 54. ஃபெயில்! அவனோடு ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு வரும் சிநேகிதன் இன்டர்னலில் 10, பரீட்சையில் 30. மொத்தம் 40. பாஸ்!

காரணம், பரீட்சையில் தனியாக 40 சதவீதம், அதாவது 30 எடுத்தே ஆகவேண்டும். இன்டர்னலுக்கு அப்படிக் குறைந்தபட்சம் எதுவும் கிடையாது. (அசைன்மென்டுக்கு கலர் பேனாவில் கோடு போட்டதெல்லாம் போச்சு!) இன்ஜினீயரிங் தம்பிகள் ரொம்ப சிரிக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் பரீட்சையில் 45 சதவீதம், மொத்தத்தில் 50.

பூந்தமல்லியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இவனுக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். "அரியரை முடிச்சுட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா ரெண்டு நாளாகப் பேசவில்லை. மறுமதிப்பீட்டுக்குப் பணம் அம்மாதான் கொடுத்தாள்.

"அண்ணே, நீங்க அந்தப் பேப்பர்ல எவ்வளவு?" என்றான் ராத்திரி.

"முப்பது."

இன்டர்னல் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.