பாஸ் வாங்கலாமா பாஸ்?

வீட்டுல ‘இந்த லீவுக்கு ஸ்விட்சர்லாந்து போலாமா?’ன்னு பேச்சு ஆரம்பிச்சாச்சா? அடுத்த டயலாக் உங்களைப் பார்த்துதான் வரும். “நீதான் எந்நேரமும் நெட்ல இருக்கியே... ரயில் டிக்கெட்டை நீ பார்த்துக்கோ!” சந்தோஷத்துல டக்குன்னு க்ளிக் பண்ணிடாதீங்க. அது அப்பா வருஷக்கணக்கா சேர்த்த காசு.

பாஸ் கணக்கு மந்தைவெளிக்காரங்களுக்குப் புதுசு இல்லை. இங்கே பறக்கும் ரயில் ஏறி தினமும் காலேஜ் போறவங்க சீசன் எடுப்பாங்க. மாசத்துல நாலே நாள்தான் காலேஜ்னா எடுப்பீங்களா? ஸ்விஸ் டிராவல் பாஸும் அதே கதைதான். ரயில், பஸ், படகு, ஊருக்குள்ள ஓடுற டிராம் எல்லாத்துக்கும் ஒரே சீட்டு. ஆனா, தினமும் சுத்தினாதான் லாபம்.

முதல்ல எல்லாரோட வயசையும் எழுதுங்க. அப்பா 58, அம்மா 54, நீங்க 20, தம்பி 14னு வெச்சுக்கலாம். 6 வயசுல இருந்து 16 முடியாத பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசம். பெற்றோர்ல ஒருத்தர் கூட இருக்கணும், அவ்வளவுதான். தம்பி ஃப்ரீ! 16 வயசு ஆகி, 25-வது பிறந்தநாள் வராதவங்களுக்கு 30 சதவீதம் தள்ளுபடி. அது உங்களுக்கு. ஆக, நாலு பேருக்கு 2.7 டிக்கெட் காசு. தாத்தா பாட்டி வந்தா சீனியர் சலுகை எதிர்பார்க்காதீங்க. இந்தப் பாஸில் அது கிடையாது. (நம்ம ரயில்லயே 2020 மார்ச்சுல நிறுத்திட்டாங்களே!)

அடுத்து மலை. நம்ம ஆளுங்க ஸ்விஸ் போறதே பனியைப் பார்க்கத்தான். அங்கேதான் ட்விஸ்ட். டிட்லிஸ் போக எங்கெல்பெர்க் வரைக்கும்தான் பாஸ் செல்லும். அதுக்கு மேலே கேபிள் காருக்குப் பாதிக் காசு கட்டணும். யுங்ஃப்ராவ்யோக் போனா கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன் வரைக்கும் ஓகே, அப்புறம் 25 சதவீதம் மட்டுமே தள்ளுபடி. கிளேசியர் எக்ஸ்பிரஸ்ல சீட் ரிசர்வேஷனுக்குத் தனிக்காசு. ஒரே ஊர்ல தங்கி ரெண்டு மலை மட்டும் ஏறப் போறீங்கன்னா, 1 மாசம் செல்லுபடியாகிற ஹாஃப் ஃபேர் கார்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

நாள் கணக்கிலும் உஷார். ராத்திரி 8 மணிக்கு ஜூரிச்ல இறங்கி பாஸை ஆரம்பிச்சா, அந்த ராத்திரியே ஒரு முழு நாள். ரெஸ்ட் எடுக்கிற நாள் நடுவுல இருந்தா, 1 மாசத்துக்குள்ள வேண்டிய நாட்களைத் தேர்ந்தெடுக்கிற ‘ஃப்ளெக்ஸ்’ பாஸ் இருக்கு.

பேர் இன்னொரு தலைவலி. நமக்கு இனிஷியல்தான், ஃபார்ம்ல முதல் பேர், குடும்பப் பேர்னு ரெண்டு கட்டம் கேட்கும். பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே எழுதுங்க. ரயில்ல பாஸோட பாஸ்போர்ட்டையும் கேட்பாங்க. விசா கைக்கு வராம காசு கட்டுறதா இருந்தா, ரீஃபண்ட் விதியைப் படிச்சுட்டுக் கட்டுங்க.

‘எங்க கசின் ஜப்பான் போனான், பாஸ்தான் பெஸ்ட்’னு யாராவது சொன்னா, எந்த வருஷம்னு கேளுங்க. அங்கே 7 நாள் பாஸ் 29,650 யென்னா இருந்தது, 2023 அக்டோபர்ல 50,000 ஆயிடுச்சு. டோக்கியோ-கியோட்டோ போய்வர சுமார் 28,000 யென்தான். அந்த ஒரு ட்ரிப்புக்காக இன்னிக்குப் பாஸ் எடுத்தா கிட்டத்தட்ட பாதிக்காசு போச்சு!

ஸோ, முதல்ல ஒரு பேப்பர். எந்த நாள், எந்த ஊர், தனி டிக்கெட் எவ்வளவுன்னு வரிசையா எழுதிக் கூட்டுங்க. பாஸ் விலை அதைவிடக் கம்மின்னா வாங்குங்க. இல்லைன்னா விட்டுடுங்க. ‘காசு கொடுத்தாச்சே’ன்னு ஒரே நாள்ல மூணு ஊர் ஓடினா, அம்மாவோட முழங்காலுக்கு எந்தப் பாஸும் கிடையாது பாஸ்!