ஆறு பகுதிகளோடு நின்றுபோன எதிர்காலம்

2019 மே 23 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியாயின. மூன்று வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் ‘லெய்லா’ என்ற இந்தித் தொடர் வெளியானது. பிரயாக் அக்பர் 2017இல் எழுதிய ஆங்கில நாவலைத் தழுவி, தீபா மேத்தா, சங்கர் ராமன், பவன் குமார் ஆகிய மூவர் இயக்கிய தொடர் அது. ஹூமா குரேஷியும் சித்தார்த்தும் முக்கியப் பாத்திரங்களில் நடித்திருந்தனர். கதை நடப்பது 2040களின் இறுதியில். நாட்டின் பெயர் ‘ஆர்யவர்த்தம்’ என்றாகிவிட்டது. சமூகத்துக்கு ஒரு குடியிருப்பு, குடியிருப்பைச் சுற்றி ஒரு மதில். தண்ணீர் காசுள்ளவனுக்கு மட்டும். இஸ்லாமியரை மணந்த ஷாலினியின் வீட்டு நீச்சல் குளத்தில் தண்ணீர் இருப்பதைச் சாக்காக வைத்து ஒரு கும்பல் உள்ளே நுழைகிறது, கணவனைக் கொல்கிறது, அவளைத் ‘தூய்மைப்படுத்தும்’ மையத்துக்கு இழுத்துச் செல்கிறது. மகள் லெய்லா பறிக்கப்படுகிறாள்.

ஆறாவது பகுதியில் தாய் மகளைக் கண்டுவிடுகிறாள். மகளுக்கோ தாயைத் தெரியவில்லை. ஆர்யவர்த்தமே தன் தாய் என்கிறாள். முடிச்சு அவிழாமல் கதை அங்கேயே நிற்கிறது. இரண்டாம் சீசன் இன்றுவரை வரவில்லை.

வேலையின்மை, விலைவாசி, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது ஓர் அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றிக் கட்சி வார இதழ் பேச வேண்டுமா என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். 1905 புரட்சி தோற்றுப்போன இருண்ட ஆண்டுகளில், 1908இல், போல்ஷெவிக்கான அலெக்சாந்தர் போக்தானவ் செவ்வாய்க் கிரகத்தில் அமைந்த ஒரு சோசலிச சமூகத்தைப் பற்றிச் ‘செந்நட்சத்திரம்’ என்ற நாவலை எழுதினார். அவருடைய தத்துவத்தோடு லெனின் மோதியது தனிக் கணக்கு. அடக்குமுறையின் நடுவில் நின்ற தொழிலாளிக்கு ஒரு நாளையைக் காட்ட வேண்டும் என்று அந்த இயக்கத்தில் ஒருவருக்குத் தோன்றியது என்பதே இங்கு கவனத்துக்குரியது.

தொலைக்காட்சியில் இரண்டு வகைக் கதைகள் மலிந்திருக்கின்றன. ஒன்றில் சிக்கல் வரும், தீரும், பிறகு எல்லாம் பழையபடி இருக்கும். 1998இல் கேத்தன் மேத்தாவின் இயக்கத்தில், மிலிந்த் சோமன் நடிப்பில் தூர்தர்ஷனில் வந்த ‘கேப்டன் வ்யோம்’ இதற்கு நெருக்கமானது. ஆண்டு 2123. கொடுங்குற்றவாளிகள் 12 பேர் சிறையிலிருந்து தப்புகிறார்கள். நாயகன் அவர்களைத் தேடிப் பிடிக்கிறான். சிறைக்கதவு சாத்தப்பட்டால் உலகம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஓடும் கதை அது. மற்றொரு வகை மாலை நேர நெடுந்தொடர். ஆயிரம் பகுதிகள் ஓடும். காலம் மட்டும் ஓடாது.

மூன்றாவது ஒரு வகை உண்டு. முதல் ஆண்டில் விதைத்தது நான்காம் ஆண்டில் முளைக்கும் தொடர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன்களாக வந்த ‘பாபிலோன் 5’ இதற்கு முன்னோடிகளில் ஒன்று. ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி ஐந்தாண்டுக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு, 110 பகுதிகளில் 92ஐத் தாமே எழுதினார். களம் ஒரு விண்வெளி நிலையம். முதல் ஆண்டிலேயே அங்கே சரக்கு இறக்கும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் வருகிறது. ஆள் பற்றாக்குறை, பழுதான கருவிகள், விபத்து, சாவு. பூமியின் அரசு வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்கி, எந்த வழியிலாவது முடித்துவைக்க நிலையத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. அவரோ அந்த உத்தரவையே பிடித்துக்கொண்டு, ராணுவ ஒதுக்கீட்டிலிருந்து பணத்தை எடுத்துத் தொழிலாளர்களின் கோரிக்கையை நிறைவேற்றிவிடுகிறார். (அப்படியோர் அதிகாரி கிடைப்பதுதான் அந்தத் தொடரின் மிகப் பெரிய கற்பனை.)

அந்த ஆண்டின் முடிவில் பூமியின் அதிபர் கொல்லப்படுகிறார். துணை அதிபர் பதவிக்கு வருகிறார். உடனே ஒன்றும் இடிந்து விழுவதில்லை. இரண்டாம் ஆண்டில் ‘அமைதி அமைச்சகம்’ என்ற ஒன்று முளைக்கிறது. கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் யார் என்ன பேசுகிறார் என்று சொன்னால் வாரத்துக்கு 50 கிரெடிட் கூடுதல் பணம். நிலையத்தின் காவலன் ஒருவன் பட்டையைக் கட்டிக்கொள்கிறான். அவன் கெட்டவனல்ல, கூடுதல் காசு கிடைக்கிறதே என்று கட்டிக்கொள்கிறான். மூன்றாம் ஆண்டில் ராணுவச் சட்டம் வருகிறது, செய்தி நிறுவனம் கைப்பற்றப்படுகிறது, செவ்வாயில் வாழும் சொந்த மக்கள்மீதே குண்டு விழுகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் இதைக் காட்டினால் பார்வையாளருக்கு ஒரு வில்லன்தான் தெரிவான். மூன்று ஆண்டுகளாகக் காட்டும்போது பட்டையைக் கட்டிக்கொண்ட சாதாரண மனிதன் தெரிகிறான். பாசிசம் தவணை முறையில் வருவது. தவணை முறையில் சொல்லப்படும் கதைக்கே அதன் நடையைப் பிடிக்க முடிகிறது.

இந்த அளவுகோலில் ‘லெய்லா’ பாதிக் கதை. ஆர்யவர்த்தம் முழுமையாக எழுந்து நின்ற பிறகே கதை தொடங்குகிறது. அது எப்படி வந்தது என்பது துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. இன்னொரு குறையும் உண்டு. துயரப்படும் நாயகி வசதி படைத்தவள். மதிலுக்கு வெளியே ‘தூஷ்’ என்று இழிவுபடுத்தப்படும் சேரி மக்கள் பெரும்பாலும் பின்னணிக் காட்சியாகவே வருகிறார்கள். ஆயினும் தொடரின் மிகக் கூர்மையான இழை அங்கேதான் இருக்கிறது. லெய்லா வளர்வது ஷாலினி வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த சப்னாவின் மகளாக. வேலைக்காரியாக மிதிபட்டவளின் நியாயமான கோபம் எந்த வழியாக ஆர்யவர்த்தத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தது? களத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு தோழரையும் இன்று உறுத்தும் கேள்வி இது. அதைப் பேச ஆறு பகுதிகள் போதாது. பேசக்கூடிய பகுதிகள் எடுக்கப்படவில்லை.

தொடரின் இறுதிக் கட்டத்தில் ஒரு திட்டம் வருகிறது. நகரத்தின் மேட்டுக்குடிப் பகுதிக்கு மேலே ஒரு வான்கூரை. உள்ளே குளிர்ந்த காற்று. வெளியேற்றப்படும் வெப்பமோ மதிலுக்கு வெளியே இருப்பவர்களின் தலைமீது. இது மிகையென்று நினைப்பவர்கள் மும்பையைப் பார்க்கலாம். 2022 நவம்பரில் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தை 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமம் பெற்றது. கூட்டு நிறுவனத்தில் 80 விழுக்காடு அதன் கையில், 20 விழுக்காடு மாநில அரசிடம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வதாக நிரூபிப்பவருக்கே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. மற்றவர்களை எங்கே அனுப்புவது? செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பை மேட்டு நிலத்தில் 124 ஏக்கரை இதற்கென ஒதுக்க 2024இல் மாநில அரசு முடிவெடுத்தது. செம்பூரின் இன்னொரு ஓரத்திலுள்ள மாஹுலில் சுத்திகரிப்பு ஆலைகளின் நச்சுக்காற்றுக்கு நடுவே மக்களைக் குடியேற்றியதும், அங்கே இனி யாரையும் அனுப்பக் கூடாதென்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததும் அதற்குள் மறந்துபோயிற்று.

2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கிய கணக்கெடுப்பில் வீடுகளுக்கு எண் இடப்பட்டது. ட்ரோன்களும் லேசர் கருவிகளும் தாராவியை அளந்து அதன் ‘டிஜிட்டல் இரட்டை’யைக் கணினிக்குள் எழுப்புகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்து, சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் 2040 எப்படி இருக்கும் என்ற கதையை எழுதும் முழு உரிமையும் ஒரு குழுமத்திடம் போயிருக்கிறது. அறிவியல் புனைகதை இந்நாட்டில் எழுதப்படவில்லை என்று யார் சொன்னது? அது ஒப்பந்தப் புள்ளியாக எழுதப்படுகிறது.

திரையின் நிலையும் வேறல்ல. ‘லெய்லா’ வெளியான மூன்றாம் மாதம், நெட்ஃபிளிக்ஸ் இந்துக்களை இழிவுபடுத்துகிறது என்று மும்பையில் சிவசேனைக்காரர் ஒருவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். புகாரில் இந்தத் தொடரும் இருந்தது. 2020 நவம்பரில், மதமாற்றத் தடுப்பு என்ற பெயரில் கலப்பு மணங்களைக் குறிவைக்கும் அவசரச் சட்டம் உத்தரப் பிரதேசத்தில் வந்தது. 2021 ஜனவரியில் அமேசானின் ‘தாண்டவ்’ தொடர்மீது பல மாநிலங்களில் வழக்குகள் பாய்ந்தன. காட்சிகள் நீக்கப்பட்டன, மன்னிப்புக் கேட்கப்பட்டது. அடுத்த மாதமே ஒன்றிய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களைத் தம் வளையத்துக்குள் கொண்டுவந்தன. பிறகு தடை தேவைப்படவில்லை. முதலாளிகள் தாமே முந்திக்கொண்டார்கள். திபாகர் பானர்ஜியின் ‘தீஸ்’ ஓர் இஸ்லாமியக் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைக் காஷ்மீர், மும்பை, 2042ஆம் ஆண்டின் தில்லி என்று தொடர்ந்து செல்லும் படம். எடுத்து முடிக்கப்பட்ட அதை வெளியிட நெட்ஃபிளிக்ஸ் மறுத்துவிட்டது.

மத அடிப்படைவாதமும் ஏகபோக மூலதனமும் இங்கே எதிரெதிர் அணிகளல்ல. சில தாராளவாத நண்பர்கள் ஓடிடி தளங்களைக் கருத்துரிமையின் கோட்டையாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. கோட்டையின் சாவி யாரிடம் என்பதற்கு ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரின் வரலாறு போதும். குறுங்கோள்களில் காற்றுக்கும் தண்ணீருக்கும் காசு கொடுத்து, பூமிக்கும் செவ்வாய்க்கும் உழைத்துச் சாகும் தொழிலாளர்களின் கதை அது. 2018இல் மூன்று சீசன்களோடு கைவிடப்பட்ட அதைக் காப்பாற்றியவர் ஜெஃப் பெசோஸ். கிடங்குத் தொழிலாளர்களை விநாடிக் கணக்கில் அளக்கும் நிறுவனத்தின் அதிபருக்குக் குறுங்கோள் தொழிலாளர்களின் கலகம் பிடித்திருந்தது! அவருடைய நிறுவனமும் ஆறாவது சீசனோடு 2022இல் நிறுத்திக்கொண்டது. ஒன்பது நாவல்களில் கடைசி மூன்றின் கதை திரைக்கு வரவில்லை.

இந்தக் கதைகளை உருவாக்கும் கைகளையும் மறக்கக் கூடாது. மும்பையின் சின்னத்திரைத் தொழிலாளர்கள் 2008 நவம்பரில் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் போராடியபோது, தொலைக்காட்சிகள் பழைய பகுதிகளையே மறுபடி ஒளிபரப்ப நேர்ந்தது. 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செம்பூரில் ராஜ் கபூர் 1948இல் நிறுவிய ஆர்.கே. ஸ்டுடியோ, 2017 செப்டம்பரில் ஒரு நடன நிகழ்ச்சியின் அரங்கோடு சேர்ந்து எரிந்தது. 2019இல் அந்த நிலம் கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸ் கைக்குப் போயிற்று. கதை எடுக்கும் தளத்தைவிட அடுக்ககத்துக்கு விலை அதிகம்.

1944இல் அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோர் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கியபோது, தமாஷாவைக் கீழான கூத்து என்று ஒதுக்கவில்லை. மக்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையே கையிலெடுத்துத் தொழிலாளியின் கதையைச் சொன்னார்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற குடியிருப்புகளின் மக்கள்தான் அந்தக் கலைக்குப் பார்வையாளர்கள். அந்தப் பகுதிகளின் இளைஞர்கள் இன்று இரவு ஷிப்ட் முடிந்து கைபேசியில் எட்டு மணி நேரத் தொடரை ஒரே மூச்சில் பார்க்கிறார்கள். கிளைக் கூட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் அவர்களோடு அதைப் பற்றிப் பேசுவதற்குத் தோழர்கள் முதலில் பார்த்தாக வேண்டும்.

கோரிக்கை தளத்திலும் வேலை இருக்கிறது. 2024 நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்ற சொந்த ஓடிடி தளத்தைத் தொடங்கியது. அதன் விளம்பரத்தில் முன்னே நின்றவை பழைய ராமாயணமும் மகாபாரதமும். 1989இல் சிறுவர்கள் கணினி கட்டிக் காலப் பயணம் போகும் ‘இந்திரதனுஷ்’ தொடரை ஒளிபரப்பத் துணிந்த அதே பொது நிறுவனம் இது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் தளம் எந்தக் கதைகளுக்கு, எவ்வளவு காலத்துக்குப் பணம் தருகிறது, தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளை இடதுசாரி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுப்பலாம். தொடங்கிய தொடரை முடிக்கும்வரை நிதியை நிறுத்தாத ஒப்பந்தம், தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை, இந்திக்கு நிகராகத் தமிழுக்கும் மராத்திக்கும் ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் அங்கிருந்தே கேட்கத் தொடங்கலாம்.